இயந்திரக் கங்காணியும் மனிதப் பொறுப்பும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் செயற்கை நுண்ணறிவு. பெயரைக் கேட்டவுடனே, "இது படித்தவர்கள் சமாசாரம், மரம் வெட்டுகிறவனுக்கும் குலை வெட்டுகிறவனுக்கும் இதில் என்ன வேலை?" என்று சிலர் வானொலியை அணைக்க எழுந்திருக்கலாம். சற்றுப் பொறுங்கள். பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்குப் பத்து வயது இருக்கும். ஏறக்குறைய 1990-ஆம் ஆண்டு. என் தந்தையார் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை நாள்களில் நானும் அவருடன் பால் ஸ்டோருக்குப் போவேன். வாளியில் கொண்டுவந்த பாலை முதலில் நிறுப்பார்கள். பிறகு கிராணி அதில் ஓர் அளவு பாலை எடுத்து, இரண்டு அளவு தண்ணீர் கலந்து, மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை அதில் விடுவார். கருவி எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்று பார்த்து, பாலில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று சொல்வார். கூலிக்கணக்கு அந்த எண்ணைப் பொறுத்தது. எங்கள் வீட்டு அரிசியும் என் பள்ளிச் சட்டையும் அந்த எண்ணைப் பொறுத்தவைதாம்.

ஒரு நாள் எண் வழக்கத்தைவிட மிகவும் குறைந்து வந்தது. அன்று மழை இல்லை. என் தந்தையார் பாலில் தண்ணீர் கலக்கிறவரும் அல்லர். தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, இன்னொரு தடவை பாருங்க" என்றார். கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன், கருவி பொய் சொல்லுமா?" என்று கேட்டார். "கருவி பொய் சொல்லாதுங்க ஐயா. ஆனா இன்னைக்குத் தண்ணி மூணு அளவு விழுந்துச்சு. எப்பவும் ரெண்டுதானே?" என்றார் என் தந்தையார். கிராணி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மறுபடியும் பாலை எடுத்து, இரண்டு அளவு தண்ணீர் விட்டு, மீண்டும் அளந்தார். எண் ஏறியது. செக்ரோலில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதினார்.

இப்போது புதிய கதை ஒன்று. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான். எந்தக் கடைக்குப் போக வேண்டும், எந்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு எவ்வளவு கூலி என்பதையெல்லாம் கைப்பேசியே அவனுக்குச் சொல்கிறது. ஒரு நாள் காலையில் அவனது கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதாகக் கைப்பேசி அறிவித்தது. காரணம் கூறப்படவில்லை. அவன் எழுதிக் கேட்டான். உடனே பணிவான ஒரு பதில் வந்தது. மீண்டும் எழுதினான். அதே பதில் மீண்டும் வந்தது. நேரில் கேட்கலாம் என்று நிறுவனத்தின் கட்டடத்திற்குப் போனான். வாயிற்காவலர், "எல்லாம் கைப்பேசியில்தான் கேட்க வேண்டும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். பத்தொன்பது நாள் கழித்து, மூடியது போலவே காரணம் சொல்லாமல் கணக்கு திறந்துகொண்டது. பத்தொன்பது நாள் கூலி போனது போனதுதான்.

அவன் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டான்: "சார், எங்கப்பாவாவது கங்காணிகிட்ட நின்னு சண்டை போட்டாரு. நான் யாருகிட்ட சண்டை போடறது?"

நேயர்களே, இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் முயற்சியே ஆகும்.

முதலில் செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன என்று பார்ப்போம். பழைய இயந்திரத்திற்கு மனிதன் ஒவ்வொரு கட்டளையையும் எழுதிக் கொடுத்தான். இந்தப் புதிய இயந்திரம் உதாரணங்களைப் பார்த்துப் பழகுகிறது. செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதைப் புதிதாக வந்த தொழிலாளி எப்படித் தெரிந்துகொள்கிறான்? பழத்தின் நிறத்தைப் பார்க்கிறான். தரையில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்க்கிறான். நூறு குலை, ஆயிரம் குலை பார்த்த பின் கண் பழகிவிடுகிறது. அதே முறையில்தான் கணினிக்கு இலட்சக்கணக்கான படங்களையும் கோடிக்கணக்கான வாக்கியங்களையும் காட்டிப் பழக்குகிறார்கள். பழகிய பின், புதிதாக ஒன்றைக் காட்டினால், முன்பு பார்த்தவற்றைக் கொண்டு அது ஊகித்துச் சொல்கிறது. 2022-ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் அமெரிக்காவின் ஓப்பன் ஏஐ நிறுவனம் சாட்ஜிபிடி என்னும் உரையாடும் மென்பொருளை வெளியிட்டது. அதன் பிறகே உலக மக்கள் பலரும் இந்த நுண்ணறிவைத் தங்கள் கைப்பேசியிலேயே காணலானார்கள்.

ஊகம் என்று சொன்னேன். அதற்கு என் வகுப்பறையிலேயே ஒரு சான்று உண்டு. ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, 'எங்கள் தோட்டம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதி வந்தாள். பிழையே இல்லை. பனிமூட்டம், மலைச்சரிவு, தேயிலைக் கொழுந்து என்று அழகாக எழுதப்பட்டிருந்தது. எங்கள் தோட்டத்திலோ தேயிலைச் செடி ஒன்றுகூடக் கிடையாது. கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனைதான். "யாரம்மா இதை எழுதியது?" என்று கேட்டேன். அண்ணனின் கைப்பேசி எழுதியதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டாள். தோட்டம் என்றால் தேயிலையாகத்தான் இருக்கும் என்று அந்த இயந்திரம் ஊகித்திருக்கிறது. பிறர் எழுதிவைத்ததைத்தானே அது படித்திருக்கும்? நம் செம்பனைத் தோட்டத்தைப் பற்றி எழுதியவர் எத்தனை பேர்? பாட்டி உதிரிப்பழம் பொறுக்கியதைப் பற்றி எட்டு வரி எழுதி வா என்று அந்தப் பிள்ளையை அனுப்பினேன். மறுநாள் எழுதி வந்தாள். மூன்று எழுத்துப்பிழை இருந்தது. ஆனால் அது எங்கள் தோட்டமாக இருந்தது.

இனி நிறுவனத் தலைமைக்கு வருவோம். தோட்டத்தை எடுத்துக்கொண்டால், துரையும் கிராணியும் கங்காணியும் செய்த வேலைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஆள் எடுப்பது, வேலை பிரித்துக் கொடுப்பது, செய்த வேலையைக் கண்காணிப்பது, கணக்குப் பார்த்துக் கூலி கொடுப்பது. இந்த நான்கிலும் இன்று இயந்திரம் கை வைத்துவிட்டது. விண்ணப்பங்களை வடிகட்டுகிறது; வேலை நேரத்தை வகுக்கிறது; ஒரு மணி நேரத்தில் எத்தனை பொட்டலம் எடுத்தான் என்று எண்ணுகிறது. நம் நாட்டுத் தோட்ட நிறுவனங்களும் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டு, அவை எடுக்கும் படங்களைக் கணினியில் கொடுத்து மரங்களை எண்ணுகின்றன.

இதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. வெயிலில் நடந்து நாள் கணக்கில் எண்ண வேண்டிய மரங்களைச் சில மணி நேரத்தில் எண்ணிவிடலாம். மலாய் மொழியில் வரும் அரசாங்கக் கடிதத்தைப் பாட்டிக்குத் தமிழில் படித்துச் சொல்ல அது உதவுகிறது. கருவி நல்லதுதான். ஆனால் அதனுள் என்ன ஊற்றப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் மூன்று அளவு விழுந்தால் நல்ல மெட்ரோலாக்கும் தவறான எண்ணைத்தான் காட்டும்.

இதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று சொல்கிறேன். அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களைத் தரம் பிரிக்க ஒரு கணினி முறையை உருவாக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் காட்டி அதைப் பழக்கினார்கள். அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்கள் அனுப்பியவை. ஆகவே, ஆண்களே ஏற்றவர்கள் என்று இயந்திரம் கற்றுக்கொண்டது. விண்ணப்பத்தில் பெண்கள் என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை வராமல் அந்த முயற்சியையே நிறுவனம் கைவிட்டது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதை வெளியிட்டது. அந்த இயந்திரத்திற்குப் பெண்கள் மீது பகை ஒன்றும் கிடையாது. நேற்று நடந்ததைப் பார்த்து, நாளைக்கும் அப்படியே நடக்க வேண்டும் என்று அது முடிவு செய்தது. காலங்காலமாகப் பின்வரிசையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நிறுவனங்களோடு இது நின்றுவிடவில்லை. நெதர்லாந்து நாட்டில், குழந்தைப் பராமரிப்புக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகையில் மோசடி நடக்கிறதா என்று கண்டறிய, வரித்துறை ஒரு கணினி முறையைப் பயன்படுத்தியது. எந்தக் குடும்பத்தைச் சோதிக்க வேண்டும் என்று அது மதிப்பெண் போட்டுச் சொல்லும். அந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு அது கூடுதலான ஆபத்து மதிப்பெண் கொடுத்தது. ஏன் அந்த மதிப்பெண் வந்தது என்று கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கே அது சொல்லவில்லை. சட்டமும் கடுமையாக இருந்தது. அதிகாரிகளும் இரக்கம் காட்டவில்லை. ஆயிரக்கணக்கான பெற்றோர்கள் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டார்கள். பல குடும்பங்கள் ஆயிரக்கணக்கான யூரோக்களைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டுக் கடனில் மூழ்கின. இறுதியில் உண்மை வெளிவந்து, 2021-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அந்நாட்டு அமைச்சரவையே பதவி விலகியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பதவி விலகியவர்கள் மனிதர்கள். கணினி பதவி விலகவில்லை. அதனால் விலகவும் முடியாது. தலைமை என்பதன் பொருளே இதில்தான் அடங்கியிருக்கிறது. கணக்குப் போடுவதில் இயந்திரம் மனிதனை வெல்லலாம். ஆனால், "இது என் முடிவு, இதற்கு நான் பொறுப்பு" என்று எழுந்து நிற்க மனிதனால் மட்டுமே முடியும். அந்தப் பொறுப்பை இயந்திரத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம், தலைவர் ஆகமாட்டார்.

அப்படி ஒதுங்கப் பார்த்த ஒரு நிறுவனத்தின் கதையும் உண்டு. 2022-ஆம் ஆண்டில் கனடா நாட்டுக்காரர் ஒருவர், பாட்டி இறந்துவிட்டதால் அவசரமாக விமானத்தில் போக வேண்டியிருந்தது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையத்தளத்தில் பதில் சொல்லும் இயந்திரத்திடம், துக்கத்திற்குப் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று கேட்டார். பயணத்திற்குப் பிறகும் விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. அவரும் நம்பி முழுக்கட்டணம் கொடுத்துப் போனார். திரும்பி வந்து கேட்டபோது, அப்படிச் சலுகை தர விதி இல்லை என்று நிறுவனம் மறுத்துவிட்டது. வழக்கு தீர்ப்பாயத்திற்குப் போனது. அந்த இயந்திரம் தனி ஓர் ஆள் போன்றது, தான் சொன்னதற்கு அதுவே பொறுப்பு என்னும் பொருள்பட நிறுவனம் வாதாடியது! 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்க மறுத்தது. தன் இணையத்தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்புக் கூறி, 650 கனடிய டாலருக்குச் சற்று அதிகமான தொகையை இழப்பீடாகக் கொடுக்கச் சொன்னது. தொகை சிறிது. ஆனால், கங்காணி செய்ததற்குத் துரை பொறுப்பு என்பது போல, இயந்திரம் செய்ததற்கு அதை வைத்திருப்பவரே பொறுப்பு என்பதை அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

அடுத்து உங்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். "இயந்திரம் வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை இருக்குமா?" இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. மலேசியத் தோட்டங்களில் ஒரு காலத்தில், செம்பனையின் பெண்பூக்களுக்கு மகரந்தத் தூளைக் கையால் அடித்துவிடும் வேலை இருந்தது. என் சித்தி அந்த வேலையைச் செய்தவர். 1981-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து நம் தோட்டங்களில் விட்டார்கள். அந்த வண்டு ஆண்பூவிலிருந்து பெண்பூவுக்கு மகரந்தத்தைத் தானே கொண்டுபோய்ச் சேர்த்தது. பழம் நன்றாகப் பிடித்தது. நிறுவனங்களுக்குச் செலவும் குறைந்தது. கையால் மகரந்தம் அடிக்கும் வேலை மறைந்துபோனது. சித்தியை உதிரிப்பழம் பொறுக்க அனுப்பினார்கள். "வண்டு வந்தா என்ன, நல்லதுதான். ஆனா எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்று அவர் இன்றைக்கும் சொல்வார்.

சித்தியின் குறை அந்த வண்டின் மீது அன்று. முடிவு எடுத்த இடத்தில் தமக்கு இடம் இல்லை என்பதே அவர் குறை. இன்றும் மாற்றம் வரத்தான் செய்யும். வேலை முழுவதும் போவதைவிட, வேலையின் சில பகுதிகள் இயந்திரத்திடம் போவதே பல இடங்களில் முதலில் நடக்கிறது. கடிதம் எழுதுவது, கணக்குப் பதிவது, தொலைபேசியில் பதில் சொல்வது போன்ற அலுவலக வேலைகளை அது எளிதாகத் தொடுகிறது. மேடுபள்ளத்தில் நின்று, உயரமான மரத்தின் மட்டையை விலக்கிக் குலையை வெட்டுவது அதற்கு இன்னும் கடினமாகவே இருக்கிறது. மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்குப் போய்ச் சேரும் என்பதைப் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

அப்படிப் பேசித் தீர்மானித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிக்கும் கதை எழுதுபவர்களின் சங்கம், 2023-ஆம் ஆண்டில் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அவர்களது கோரிக்கைகளில் ஒன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. அந்த இயந்திரத்தையே ஒழித்துவிட வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. இயந்திரம் எழுதியதைக் கையில் கொடுத்தால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தன் சட்டத்தில், ஆள் எடுப்பதற்கும் தொழிலாளரை மதிப்பிடுவதற்கும் பயன்படும் இயந்திர நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்த்து, மனிதர்களின் மேற்பார்வை வேண்டும் என்று விதித்திருக்கிறது. நம் மலேசியாவிலும் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில், என் மாணவனைப் போன்ற கிக் தொழிலாளர்களுக்கான மசோதா மக்களவையில் நிறைவேறியது. அவர்களது குறைகளைக் கேட்க ஒரு தீர்ப்பாயம் அமைக்க அதில் வழி செய்யப்பட்டது. சண்டை போட ஓர் ஆள் வேண்டும் என்றானே, அதற்கு ஒரு வாசல் திறக்கத் தொடங்கியிருக்கிறது.

பெற்றோர்களே, நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் கணக்கை நீங்களே எழுதி வையுங்கள். எத்தனை குலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு கூலி என்று ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் அன்றன்றே குறியுங்கள். சம்பளச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். இயந்திரம் ஓர் எண்ணைச் சொல்லும்போது, எதிர்த்துக் கேட்க நம்மிடமும் ஓர் எண் இருக்க வேண்டும். என் தந்தையார் தண்ணீர் ஊற்றியதை எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அவரால் கேட்க முடிந்தது.

இரண்டாவது, ஒரு முடிவு உங்களைப் பாதித்தால் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதை முடிவு செய்தது யார்? எந்த விவரத்தை வைத்து முடிவு செய்தார்கள்? அந்த விவரம் தவறு என்றால் திருத்துவது எங்கே? தனியாகக் கேட்கத் தயங்கினால் சங்கத்தின் மூலமாகக் கேளுங்கள். "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்பது ஒரு பதில் ஆகாது.

மூன்றாவது, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள். இயந்திரத்திற்குப் பதிலாக அவர்களையே எழுத வையுங்கள். கணக்கைக் கையால் போட்டுப் பழகாத பிள்ளைக்கு, இயந்திரம் தவறாகப் போட்ட கணக்கு தெரியாது. இந்த இயந்திரங்களை உருவாக்கும் இடத்திலும், எங்கே பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் மேசையிலும், தோட்டத்திலிருந்து போன பிள்ளைகளும் உட்கார வேண்டும். தண்ணீர் எத்தனை அளவு விழுகிறது என்று பார்த்துப் பழகிய கண் அங்கே மிகவும் தேவை.

என் தந்தையார் இன்று இல்லை. அந்தக் கிராணியும் எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கோவில் திருவிழாவில் அவரைச் சந்தித்தேன். அந்த நாளை அவர் மறக்கவில்லை. "உங்கப்பா கேட்ட அன்னைக்கு எனக்குக் கோபம்தான். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் தண்ணியை எண்ணித்தான் ஊத்துவேன்" என்றார்.

கேட்பதற்கு ஓர் ஆளும், பதில் சொல்வதற்கு ஓர் ஆளும் இருந்த இடத்தில் அது நடந்தது. வரப்போகும் காலத்திலும் அந்த இரண்டு ஆள்களும் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.